சுவர் கேட்டால் தருவார்களா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து சுவர் ஓவியம் பற்றியே கேள்விகள் குவிந்துவிட்டன. மற்றவை அடுத்த இதழில்.

நாங்கள் மூன்று பேர். நான் ஓவியம் படித்தவள், மற்ற இருவரும் பெயின்டிங் வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டுச் சுவர்களில் வரிசையாகப் படம் வரைய ஆசை. யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?
– வாசகி, குமாரசாமிப்பேட்டை, தருமபுரி

வீட்டுச் சுவர் என்றால் வீட்டுக்காரரிடம். வாடகைக்கு இருப்பவர் "தாராளமா வரைஞ்சுக்கோ பாப்பா" என்று சொல்வது அனுமதி ஆகாது, ஓனர் ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டுக் கத்துவார். ஒரு வெள்ளைத் தாளில் எந்தச் சுவர், என்ன படம், எத்தனை வருஷம் அழிக்காமல் வைத்திருப்பார் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, யாராவது புகார் கொடுத்தால் அந்தத் தாள்தான் கைகொடுக்கும். நகராட்சிச் சுவருக்கு ஆணையரிடம் மனு, ரயில்வே சுவருக்கு ரயில்வே, மேம்பாலத் தூணுக்கு அந்தச் சாலை யாருடையதோ அவர்கள். ஓர் அலுவலகத்தில் வாங்கிய கடிதம் இன்னொன்றில் செல்லாது.

எல்லோரும் சென்னை கண்ணகி நகரை உதாரணம் காட்டுகிறார்கள். 2020-ல் ஸ்டார்ட் இந்தியா (St+art India) என்ற தெரு ஓவிய அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து அங்கே பெரிய பெரிய ஓவியங்களைக் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் அவை அரசு வாரியம் கட்டிய அடுக்குமாடிகள், மேலிடத்தில் ஒப்புதல் கிடைத்தால் பல சுவர்கள் ஒரே நேரத்தில் திறந்துவிடும். உங்கள் தெருவில் எட்டுச் சுவர் என்றால் எட்டு ஓனர், எட்டு மாமியார், எட்டு வாஸ்து. அதனால் தூரிகையை எடுப்பதற்கு முன்னால் சுவரைப் போனில் போட்டோ எடுத்து, அதன் மேல் உங்கள் படத்தை ஒட்டி, வீடு வீடாகக் காட்டுங்கள். ஒன்றிரண்டு பேர் மறுப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு மற்றவர் சுவரில் ஆரம்பியுங்கள், பாதிப் படம் ஏறியதும் மறுத்தவரே "எங்க சுவருக்கு எப்ப?" என்று கேட்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

நாங்கள் வரைந்த படம் ஒரே மழைக்காலத்தில் பத்தை பத்தையாக உரிந்துவிட்டது. விலை அதிகமான பெயின்ட்தான் வாங்கினோம். ஒரு லிட்டர் எவ்வளவு சுவருக்கு வரும்?
– வாசகர், பழையபேட்டை, கிருஷ்ணகிரி

பெயின்ட்டைத் திட்டாதீர்கள், சுவரைப் பாருங்கள். பழைய பகுதிகளில் சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பாக வருஷக்கணக்கில் அடித்த சுவர்கள் நிறைய உண்டு. அதன் மேல் எவ்வளவு நல்ல எமல்ஷன் அடித்தாலும் அது சுவரைப் பிடிக்காது, சுண்ணாம்பைத்தான் பிடிக்கும், சுண்ணாம்பு உதிரும்போது கூடவே வந்துவிடும். செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கழுவி, நன்றாகக் காயவிட்டு, வெளிச்சுவர் பிரைமர் அடித்த பிறகுதான் படம். புதிதாகப் பூசிய சிமென்ட் என்றால் 28 நாளாவது விடுங்கள். ஓதம் ஏறி உப்புப் பூக்கும் சுவரை முதலில் கொத்தனாரிடம் காட்டுங்கள், ஓவியரால் அதற்கு வைத்தியம் இல்லை.

அப்புறம், தரையிலிருந்து ஒன்றரை இரண்டு அடி உயரத்துக்குக் கீழே படத்தைக் கொண்டுபோகாதீர்கள். சாரல், சேறு, நாய், சைக்கிள் எல்லாம் அங்கேதான் படும். ஊர் வீடுகளில் அடியில் காவிப் பட்டை அடிப்பது சும்மா இல்லை. மேற்குப் பார்த்த சுவரில் பளீர் மஞ்சளும் ரோஜாச் சிவப்பும் சீக்கிரம் வெளுக்கும், ஆக்சைடு வகைக் காவி, பழுப்பு, மண் மஞ்சள் நின்று உழைக்கும். அளவு கேட்டிருந்தீர்கள்: வெளிச்சுவர் எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்குச் சுமார் 50 சதுர அடி வரும், சொரசொரப்பான சுவர் இன்னும் குடிக்கும்.

எல்லோரும் "பேர் கிடைக்கும், இலவசமா பண்ணிக்கொடு" என்கிறார்கள்.
– வாசகர், காவேரிப்பட்டினம்

கடைக்காரர் உங்களுக்குப் பேர் கிடைக்கும் என்று இலவசமாக அரிசி தருகிறாரா? உங்கள் தெருப் பள்ளிக்கு ஆசையாக ஒன்று செய்து கொடுங்கள், தப்பில்லை. மற்றதெல்லாம் சதுர அடிக்கு இவ்வளவு, பெயின்ட்டும் சாரமும் தனி, பாதி முன்பணம்.

எங்கள் ஓவியத்தின் மேல் சுவர் விளம்பரம் எழுதிவிட்டார்கள். ஏதாவது உரிமை உண்டா?
– வாசகர், பாலக்கோடு

உண்டு. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு, படைப்பை விற்ற பிறகும் அதைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையைப் படைத்தவருக்குத் தருகிறது. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விக்யான் பவனுக்காகச் செய்து 1962-ல் முடித்த பிரம்மாண்ட வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். அவர் மத்திய அரசு மேலேயே வழக்குப் போட்டார். 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருந்ததைத் திருப்பித் தரச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடும் கொடுக்க வைத்தது. படம் முடிந்த அன்றே தேதியோடு போட்டோ எடுத்து வைத்திருந்தால் உங்கள் பக்கம் பேச ஆதாரம் இருக்கும். ஆனால் ஒரு தெருச் சுவருக்காகக் கோர்ட்டுக்குப் போவீர்களா? நானாக இருந்தால் ஓனரை அழைத்துக்கொண்டு போய் எழுதியவர்களிடமே பேசுவேன், பெரும்பாலும் வேறு சுவருக்குப் போய்விடுவார்கள்.

என்ன வரைவது? மயில், மரம் காப்போம், பாரதியார் தவிர எதுவும் தோன்றவில்லை.
– வாசகி, ஊத்தங்கரை

பாரதியார் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் எல்லா ஊர்ச் சுவரிலும் அதே முண்டாசு. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலுக்குப் போய் அண்ணாந்து பாருங்கள், ராமாயண, மகாபாரதக் காட்சிகள் விதானத்தில் வரிசையாக ஓடும், ஒரு நீளமான இடத்தைக் கதையால் எப்படி நிரப்புவது என்று அதைவிட நல்ல பாடம் உங்களுக்குப் பக்கத்தில் கிடையாது. மல்லச்சந்திரம் கல்திட்டைகளில் (பழங்காலத்து ஈமக் கல் அமைப்புகள்) வெறும் வெள்ளை நிறத்தில் மனிதர்களும் விலங்குகளும். ஒரே நிறத்தை வைத்துக்கொண்டு உருவத்தை நிற்க வைத்திருக்கிறார்கள். (பார்க்கப் போனால் பாறையில் தண்ணீர் தெளித்து, சாக்பீஸால் கோடு இழுத்துப் போட்டோ எடுக்காதீர்கள், ஓவியம் போய்விடும்.) இவற்றை அப்படியே காப்பி அடிக்கச் சொல்லவில்லை. மாங்காய் மண்டியில் கூடை சுமக்கும் அக்கா, கூத்துக்கு அரிதாரம் பூசும் ஆள், இவர்களை அந்த மாதிரி வரிசையாக ஓடவிட்டுப் பாருங்கள்.

எனக்கு வயது 58. சுவர் விளம்பரம் எழுதியவன், ஃப்ளெக்ஸ் வந்து தொழில் போச்சு. இந்தப் பிள்ளைகளோடு வேலை செய்ய முடியுமா?
– வாசகர், பென்னாகரம்

ஐயா, அவர்களுக்குத்தான் நீங்கள் தேவை. நூல் அடித்துக் கோடு போடுவது, சாரத்தில் நின்று முப்பதடி எழுத்தைக் கோணாமல் இறக்குவது, இதெல்லாம் அவர்களுக்கு இன்னும் கைவரவில்லை. நாள் கூலிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், எழுத்துக்குத் தனி ரேட் பேசுங்கள்.

படத்தின் கீழே பெயர் போடலாமா?
– வாசகர், அரூர்

கட்டாயம் போடுங்கள், வருஷத்தையும் சேர்த்து. சின்ன எழுத்தில், ஓரமாக. போன் நம்பரைப் பெரிதாகப் போட்டால் பார்க்கிறவர்கள் பெயின்ட் கடை விளம்பரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.