ஃப்ரீமேசன்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சடங்குகள் கொண்ட சகோதர சங்கம், சாலமோன் ராஜா கோயில் கட்டியபோதே தொடங்கியது என்கிறார்களே சார், நிஜமா?

பதில்: அது சடங்கில் வரும் கதை. 1717 ஜூன் 24 அன்று லண்டன் மதுக்கடை ஒன்றில் நான்கு லாட்ஜுகள் (சங்கத்தின் கிளைகள்) கூடி கிராண்ட் லாட்ஜ் என்ற தலைமை அமைப்பை அமைத்ததாகச் சங்கம் சொல்கிறது. இதற்கு ஆதாரம், சங்கத்தின் விதிநூலை எழுதிய ஜேம்ஸ் ஆண்டர்சன் 1738-இல் எழுதியதுதான். 1721 என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் எடின்பரோ லாட்ஜின் கூட்டக் குறிப்பு 1599-லிருந்தே இருக்கிறது. அந்த லாட்ஜ் நிஜமான கல்தச்சர்களுடையது. கல்லே தொடாத கனவான்கள் மெல்ல மெல்லப் பிறகுதான் உள்ளே வந்தார்கள்.

கேள்வி: புதிதாகச் சேர்பவரை என்ன செய்வார்கள்? கழுத்தில் கயிறு கட்டுவார்களாமே?

பதில்: ஆமாம், கட்டுவார்கள். ஆங்கிலேய மரபில் முதல் படிக்கு வருபவரிடமிருந்து காசு, மோதிரம் என்று உலோகம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். கண்ணைக் கட்டி, கழுத்தில் சுருக்குக் கயிறு போட்டு, இடது மார்பும் வலது கையும் இடது முழங்காலும் தெரிய, வலது குதிகாலில் செருப்பை மிதித்தபடி உள்ளே அழைத்து வருவார்கள். வேதநூலின் மேல் கைவைத்து உறுதிமொழி எடுத்த பிறகே கட்டு அவிழும்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது பிறகு வரும் இடம். 'ஏழைகளுக்கு ஏதாவது கொடுங்கள்' என்று அவரிடம் கேட்பார்கள். கையில் ஒன்றுமில்லை, தவித்து நிற்பார். இல்லாதவனாய் நின்ற இந்த நிமிஷத்தை, பின்னாளில் ஒருவன் உதவி கேட்டு வரும்போது நினைத்துக்கொள் என்பதே பாடம். அதற்காகத்தான் முதலிலேயே உலோகத்தை வாங்கி வைப்பது.

வெள்ளை ஆட்டுத்தோல் முன்கச்சையும் கட்டிவிடுவார்கள். அவருக்குக் காட்டும் கல்தச்சர் கருவிகள் மூன்று: 24 அங்குல அளவுகோல், சுத்தியல், உளி. 24 அங்குலம் என்பது நாளின் 24 மணி நேரம்.

கேள்வி: ரகசியத்தைச் சொன்னால் கழுத்தை அறுப்பார்களாமே?

பதில்: உறுதிமொழியில் அப்படி ஒரு வாசகம் இருந்தது உண்மை. இங்கிலாந்தின் ஐக்கிய கிராண்ட் லாட்ஜ் 1986-இல் அதை உறுதிமொழியிலிருந்து எடுத்துவிட்டது. சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் 1730-லேயே சடங்குகளை அச்சிட்டு விற்றுவிட்டார். உறுப்பினரை அறிந்துகொள்ளும் ரகசியக் கைகுலுக்கலும் அடையாளச் சொல்லும் இன்று யாரும் படிக்கக் கிடைப்பவை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாரா என்பதற்கான சோதனையாகத்தான் அவை இன்னும் இருக்கின்றன.

கேள்வி: சாத்தான் வழிபாடு?

பதில்: கிடையாது. பிரான்சின் எழுத்தாளர் லியோ டாக்சில் பல ஆண்டுகள் அப்படி எழுதி, எல்லாம் கட்டுக்கதை என்று 1897 ஏப்ரல் 19 அன்று பாரிஸ் கூட்டத்தில் தானே ஒப்புக்கொண்டார். அந்தப் பொய்தான் இன்றும் வாட்ஸப்பில் சுற்றுகிறது.

கேள்வி: இந்துக்கள் சேரலாமா? நாத்திகர்?

பதில்: ஏதோ ஒரு பரம்பொருளை நம்பினால் போதும், 'பிரபஞ்சத்தின் பெரும் சிற்பி' என்றே அழைப்பார்கள். இந்து கீதையின் மேல் உறுதியெடுக்கலாம். லாட்ஜுக்குள் மதச் சண்டையும் அரசியலும் பேசக் கூடாது. நாத்திகருக்கு இந்த மரபில் இடமில்லை. பிரான்சின் தலைமை அமைப்பான கிராண்ட் ஓரியண்ட் 1877-இல் கடவுள் நிபந்தனையை நீக்கியது. ஆங்கிலேயர்கள் உறவை முறித்தார்கள்.

கேள்வி: பெண்கள்?

பதில்: ஆங்கிலேய மரபில் ஆண்கள் மட்டும். இருபாலரும் சேரும் சங்கம் 1893-இல் பாரிஸில் தொடங்கியது. அதை 1902-இல் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தவர் நம் அடையாறு அன்னி பெசன்ட்.

கேள்வி: விண்ணப்பித்தும் ஏன் சிலரைச் சேர்ப்பதில்லை?

பதில்: ரகசிய வாக்கெடுப்பு. பெட்டிக்குள் ஆளுக்கு ஒரு குண்டு போடுவார்கள். வெள்ளை சம்மதம், கறுப்பு மறுப்பு. ஆங்கிலேய விதிப்படி மூன்று கறுப்பு விழுந்தாலே கதவு சாத்தப்படும். லாட்ஜ் விரும்பினால் அதற்கும் குறைவாக வைத்துக்கொள்ளலாம். யார் போட்டது என்று கேட்கும் வழக்கமில்லை.