தட்டுக்கு 60 சென்ட் என்றால் தொழிலாளிக்கு என்ன மிஞ்சும்?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ அருகே 20 ஏக்கர் உலர்திராட்சைத் தோட்டம் வாங்கியிருக்கிறேன். இது எனக்கு முதல் அறுவடை. ஆள் கொண்டுவரும் ஒப்பந்தக்காரர்கள் இருவரிடம் விலை கேட்டேன். ஒருவர் எல்லாம் சேர்த்து, குலைகளை உலரப் பரப்பும் காகிதத் தட்டு ஒன்றுக்கு 60 சென்ட் என்கிறார். மற்றவர் 85 சென்ட். வருபவர்கள் பெரும்பாலும் மெக்ஸிகோவிலிருந்து குடியேறியவர்கள். "குறைந்த கூலிக்கு அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள், உங்களுக்கென்ன? கூலியைக் கூட்டினால் திராட்சை கட்டுப்படியாகாது" என்கிறார்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள். ஒப்பந்தக்காரர் கூலியைக் குறைத்துக் கொடுத்தால் நானும் பொறுப்பா?

பதில்: கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கொடிக்கு அடியில் குனிந்து, வளைந்த கத்தியால் குலைகளை அறுத்து, வரிசைக்கு நடுவே விரித்த காகிதத் தட்டில் பரப்ப வேண்டும். ஆகஸ்ட் கடைசி வெயிலில், புழுதிக்கும் குளவிக்கும் நடுவே நடக்கும் வேலை இது. சுமாராகக் கை ஓடும் ஒருவர் மணிக்கு 30 தட்டு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 60 சென்ட் வீதம் ஒப்பந்தக்காரருக்கு நீங்கள் கொடுப்பது 18 டாலர். 2026 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.90 டாலர். மீதி 1.10. அந்தக் கூலிக்கு முதலாளி கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டு வரியும் சேர்ந்து 7.65 சதவீதம், அதுவே 1.29 டாலர் ஆகிறது. இங்கேயே பணம் தீர்ந்துவிட்டது. விபத்துக் காப்பீடு, கழிப்பறை வண்டி, குடிநீர், மேற்பார்வையாளர் சம்பளம், ஒப்பந்தக்காரரின் லாபம் எதற்கும் காசு இல்லை.

அப்படியானால் அவர் எப்படிச் சமாளிக்கிறார்? தொழிலாளியின் பையிலிருந்துதான். காய்ப்புக் குறைந்த வரிசையில் மாட்டியவருக்கு மணிக்கு 22 தட்டுதான் தேறும். அன்று குறைந்தபட்சக் கூலிக்கு எவ்வளவு குறைகிறதோ அதை ஒப்பந்தக்காரர் ஈடுகட்டித் தர வேண்டும், தர மாட்டார். ஓய்வு நேரத்துக்கும், வேலை தொடங்கக் காத்திருக்கும் நேரத்துக்கும் தட்டுக் கணக்குக்கு வெளியே தனியாகக் கூலி தர வேண்டும் என்பது 2016 முதல் இங்கே சட்டம். அதுவும் வராது. கத்திக்கும் வண்டிக்கும் என்று பிடித்தம் மட்டும் நடக்கும். ஆகவே 60 சென்ட் என்ற விலைக்குள்ளேயே கூலித் திருட்டு அடங்கியிருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள ஒப்பந்தக்காரரின் யோக்கியதையை விசாரிக்கக்கூட வேண்டியதில்லை.

"அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள்" என்ற வாதம் சட்டத்தில் நிற்காது. குறைந்த கூலிக்குச் சம்மதித்து எழுதிக் கொடுத்திருந்தாலும், மீதியைக் கேட்டு வாங்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. குடியேற்ற ஆவணம் இருக்கிறதா இல்லையா என்பது அந்த உரிமையைப் பாதிக்காது. ஆவணமற்றவர் என்று தெரிந்தே ஒருவரை வேலைக்கு வைப்பது 1986 முதல் கூட்டாட்சிச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. ஒப்பந்தக்காரர் வழியாகத் தெரிந்தே வைத்தாலும் அப்படித்தான். ஆனால் செய்த வேலைக்குக் கூலி தந்தே ஆக வேண்டும். கூலி கேட்டவரைக் குடியேற்ற அதிகாரிகளிடம் காட்டிக்கொடுப்பேன் என்று மிரட்டுவது தனிக் குற்றம்.

இனி உங்கள் பொறுப்பு. ஒப்பந்தக்காரர் ஊதியம் தராவிட்டால் ஆள் எடுத்தவரும் சேர்ந்து பொறுப்பு என்ற சட்டம் 2015 முதல் இருக்கிறது. நேரடி ஆட்கள், ஒப்பந்த ஆட்கள் எல்லாரையும் சேர்த்து 25 பேருக்குக் குறைவாக இருந்தால், அல்லது ஒப்பந்தக்காரர் அனுப்புவது எந்த நேரத்திலும் ஐந்து பேரைத் தாண்டாவிட்டால் அதில் விலக்கு உண்டு. 20 ஏக்கரை அவசரமாக அறுக்க ஆள் குவித்தால் 25 எளிதில் தாண்டிவிடும். விலக்குக் கிடைத்தாலும் முழுதாகத் தப்பிவிட முடியாது. கூலிச் சட்டங்களை நிறைவேற்ற இந்தத் தொகை போதாது என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ பண்ணை வேலைக்கு ஒப்பந்தம் போட்டால், அதற்காகவே உங்கள்மேல் வழக்குத் தொடுக்க இன்னொரு பிரிவு இருக்கிறது. மேலே போட்ட கணக்கை எதிர்த் தரப்பு வழக்கறிஞரும் போடுவார்.

பக்கத்துத் தோட்டக்காரர்களின் இரண்டாவது வாதத்தில் பாதி உண்மை உண்டு. துருக்கி உலர்திராட்சையோடு போட்டி போடும் சிறு விவசாயியால் தன் விலையைத் தானே வைக்க முடியாது. ஆனால் பண்ணைக் கூலி குறைவாக இருப்பதற்குச் சந்தை மட்டும் காரணமல்ல; சட்டமே வெகுகாலம் இவர்களை ஒதுக்கிவைத்திருந்தது. 1938-ல் வந்த கூட்டாட்சிக் கூலிச் சட்டம் பண்ணைத் தொழிலாளர்களை வெளியே நிறுத்தியது. குறைந்தபட்சக் கூலி அவர்களுக்குக் கிடைக்க 1966-ல் திருத்தம் வர வேண்டியிருந்தது. கூடுதல் நேரக் கூலி கூட்டாட்சிச் சட்டத்தில் இன்றும் இல்லை. கலிஃபோர்னியாவில் 2025 முதல் உங்களைப் போன்ற சிறு பண்ணைகளுக்கும் நாளுக்கு 8 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு.

குடியேறியவர்களை வெளியேற்றினால் கூலி தானாக ஏறும் என்று குடியேற்றத்தை எதிர்ப்பவர்கள் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. மெக்ஸிகோவிலிருந்து ஒப்பந்தத்தில் ஆள் கொண்டுவந்த பிராசெரோ திட்டம் 1942-ல் தொடங்கி 1964-ல் நிறுத்தப்பட்டது. நிறுத்தினால் உள்ளூர்த் தொழிலாளர் கூலி உயரும் என்றார்கள். மூன்று பொருளாதார அறிஞர்கள் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, அப்படி உயர்ந்ததற்கு அடையாளம் கிடைக்கவில்லை. தக்காளி வயலில் ஆளுக்குப் பதில் இயந்திரம் வந்திருந்தது. கூலியை நகர்த்தியது கூட்டாக நின்றதுதான். உங்கள் ஊருக்குத் தெற்கே டெலானோவில் 1965 செப்டம்பரில் ஃபிலிப்பினோ தொழிலாளர்கள் மணிக்கு 1.40 டாலர் கேட்டுத் திராட்சைத் தோட்டங்களை விட்டு வெளியேறினார்கள். சில நாளில் தொழிற்சங்கத் தலைவர் சேஸர் சாவேஸின் மெக்ஸிகத் தொழிலாளர்களும் சேர்ந்தார்கள். 1970-ல் தோட்ட முதலாளிகளுடன் ஒப்பந்தம் கிடைத்தது. ஃபுளோரிடாவின் இமாக்கலி என்ற ஊரின் தக்காளித் தொழிலாளர்கள் டாக்கோ பெல் என்ற உணவக நிறுவனத்தைப் புறக்கணிக்கச் சொல்லிப் போராடி, 2005-ல் பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதலாகப் பெற்றார்கள். கடையில் வாங்குபவருக்கு ஒரு சென்ட் உறைக்காது; நாள் முழுக்கப் பறிப்பவருக்கு அது பெரிய தொகை.

நேர்மையான கூலி உண்மையிலேயே தாங்காது என்றால், கொடியிலேயே உலரவிட்டு இயந்திரத்தால் எடுக்கும் முறைக்குச் சில ஆண்டுகளில் மாறுங்கள். பந்தல் அமைப்பை மாற்றச் செலவு அதிகம். இவர்களுக்குக் கிடைக்கும் வேலையும் குறையும். அந்த இழப்பு எனக்கு வருத்தம்தான். ஆனாலும் வேலை வாங்கிவிட்டுக் கூலியை மறைப்பதைவிட அது மேல்.

இந்த அறுவடைக்கு 85 சென்ட் கேட்டவரிடம் பேசுங்கள். அதிகம் கேட்பவர் எல்லாம் யோக்கியர் என்று ஆகிவிடாது. மாநிலத் தொழிலாளர் ஆணையர் உரிமத்தின் நகலை வாங்கி, அது நடப்பில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். அந்த நகலை ஒப்பந்தம் முடிந்தபின் மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கூட்டாட்சிப் பதிவையும் கேளுங்கள். விபத்துக் காப்பீட்டு எண், ஆட்கள் எத்தனை, கூலி எவ்வளவு, ஆள் ஏற்றிவரும் வண்டி எது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அறுவடையின் இரண்டாம் நாள் மதியம் தோட்டத்துக்குள் நடந்து பாருங்கள். 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே நிழல் போட்டிருக்க வேண்டும்; குளிர்ந்த குடிநீர் ஆட்களுக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும். முதல் சம்பளம் போட்டதும் ஊதியச் சீட்டுகளின் நகலைக் கேளுங்கள். தட்டு எண்ணிக்கை, வேலை நேரம், ஓய்வு நேரக் கூலி மூன்றும் தனித்தனி வரியாக இல்லாவிட்டால், அடுத்த தவணையைக் கொடுக்கும் முன் விளக்கம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.