வாசிக்கத் தெரியுமா என்று கேட்பதும், வாசிக்கக் கொடுப்பதும்

கேள்வி: அமெரிக்காவில் வயது வந்தவர்களுள் நூற்றுக்கு 28 பேரின் எழுத்தறிவு மிகக் குறைவு என்று வானொலியில் கேட்டேன். இலங்கையின் எழுத்தறிவு 95 வீதத்துக்கு மேல் என்று பிள்ளைகளுக்கு முப்பது வருடம் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்தப் பணக்கார நாட்டை நாம் முந்திவிட்டோமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பதில்: அந்த இரண்டு எண்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது, ரீச்சர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் வந்த 95.7 வீதம், 10 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு எழுத வாசிக்கத் தெரியுமா என்று கேட்டு, வீட்டார் சொன்ன பதிலைப் பதிந்து பெற்றது. யார் கையிலும் ஒரு பந்தியைக் கொடுத்து வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. அமெரிக்க எண்ணோ பரீட்சையில் வந்தது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு, 31 நாடுகளிலும் பிரதேசங்களிலும் 16 முதல் 65 வயது வரையானோரைச் சோதித்து, 2024 டிசம்பரில் முடிவுகளை வெளியிட்டது. அதில் இலங்கை இல்லை. வாசிப்புத் திறனைப் படிகளாகப் பிரித்ததில், முதலாம் படியிலோ அதற்குக் கீழோ நின்ற அமெரிக்கர்களே அந்த 28 வீதத்தினர். 2017இல் அது 19 வீதமாக இருந்தது. இவர்களுள் பெரும்பாலோர் எழுத்தே அறியாதவர்கள் அல்லர். ஒரு பக்கத்தில் தேவையான தகவலைத் தேடி எடுக்கக்கூடியவர்கள் கூட, பல பக்கங்களில் சிதறிக் கிடப்பதை ஒன்று சேர்த்து முடிவுக்கு வரவேண்டிய இடத்தில் நின்றுவிடுகிறார்கள்.

சென்ற மாதம் வங்கியொன்றில் ஓர் அம்மா, “மனே, இந்தப் போமைக் கொஞ்சம் நிரப்பித் தாங்க” என்று என்னிடம் ஒரு தாளை நீட்டினார். கையொப்பத்தைத் தாமே முத்துமுத்தாகத் தமிழில் இட்டார். ஆனால் “பயனுரித்தாளர்” (பலனைப் பெறுபவர்) என்ற சொல்லைக் கண்டதும் அதற்கு மேல் போகவில்லை. நம் கணக்கெடுப்பில் அவர் எழுத்தறிவுள்ளவர். அந்தப் பரீட்சையில் எந்தப் படியில் நிற்பார் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

இன்னொன்று, அங்கே பரீட்சை ஆங்கிலத்தில் நடந்தது. ஸ்பானிய மொழியில் சரளமாக வாசிக்கும் குடியேறியும் அதில் தாழ்ந்த படிக்கே போவார். (சிங்களத்தில் வந்த சுற்றுநிருபத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்த நம் பட்டதாரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.) ஆனால் எல்லாப் பழியையும் குடியேறிகள் மேல் போடவும் வழியில்லை. இதே பரீட்சையின் முந்திய சுற்றின் தரவுகளை ஆராய்ந்தபோது, ஆங்கில எழுத்தறிவு குறைந்தோருள் மூன்றில் இரண்டு பங்கினர் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் என்று தெரியவந்தது.

கேள்வி: நால்வர் கொண்ட குடும்பத்துக்கு வருடம் சுமார் 31,000 டொலர் வருமானம் இருந்தும் அங்கே அதை வறுமை என்கிறார்களாம். இது என்ன கணக்கு?
– மாணவன், அக்கரைப்பற்று

பதில்: அந்தக் கோடு 1960களின் தொடக்கத்தில் மொலி ஓர்ஷான்ஸ்கி என்ற அரச உத்தியோகத்தர் கீறியது. அக்காலக் குடும்பங்கள் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டன. ஆகவே மிகச் சிக்கனமான உணவுச் செலவை மூன்றால் பெருக்கினார். பின்வந்தவர்கள் விலைவாசிக்கு ஏற்ப அதை உயர்த்தினார்களே தவிர, அடிப்படையைத் தொடவில்லை. இன்று அங்கே வருமானத்தை விழுங்குவது சோறு அல்ல, வீட்டு வாடகையும் மருத்துவமும் பிள்ளை பராமரிப்பும். 31,000 டொலரை நம் ரூபாயாக்கிப் பார்த்தால் பெருஞ்செல்வம்தான். ஆனால் அதைச் செலவழிப்பது அக்கரைப்பற்றுச் சந்தையில் அல்லவே. அந்தக் கோட்டின்படியே 2023இல் 3 கோடி 68 இலட்சம் பேர், அதாவது 11.1 வீதத்தினர், வறியவர்கள். அதே ஆண்டில் 13.5 வீதமான வீடுகளில் உணவுக்கு உத்தரவாதம் இருக்கவில்லை. 2024 ஜனவரியில் ஓரிரவு எண்ணியபோது 771,480 பேர் வீடற்றிருந்தனர்.

கேள்வி: எழுத்தறிவு இல்லாததால் வறுமையா, வறுமையால் எழுத்தறிவு இல்லையா?
– வாசகி, கல்லடி

பதில்: இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன, எது முதல் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஆனால் அவை முடிச்சுப் போடும் இடம் ஒன்றைக் காட்டலாம். வறியோருக்கான அமெரிக்க அரச மருத்துவக் காப்புறுதியில் 2023இலும் 2024இலும் தகுதியை மீளச் சரிபார்த்து, இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோரை நீக்கினார்கள். அவர்களுள் பத்துக்கு ஏழு பேரளவில் நீங்கியது, தகுதி இல்லை என்று கண்டதனால் அல்ல. படிவம் திரும்பி வரவில்லை, முகவரி மாறியிருந்தது, ஒரு பத்திரம் குறைந்தது என்பன போன்ற காரணங்களால்தான். 2023இல் வறிய குடும்பங்களுக்கு நம் அரசு கொடுக்கும் அஸ்வெசும உதவிப்பணத்தின் பட்டியல் வெளியானபோது, பெயர் விடுபட்ட வீடுகளில் மேன்முறையீட்டை எழுதியது யார் என்று உங்கள் ஒழுங்கையில் விசாரித்துப் பாருங்கள். நான் விசாரித்த நாலைந்து வீடுகளிலும் அது சாதாரண தரம் படிக்கும் மகள்.