செம்புப் பாத்திரத்தில் கிருமி எப்படிச் சாகிறது, எப்போது தப்பிவிடுகிறது?

கேள்வி: செம்பு பாட்டில் வாங்கலாம் என்றிருக்கிறோம். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் கிருமி எதுவும் இருக்காது என்று கடையில் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். 2012-ல் வெளியான பெங்களூரு ஆய்வு ஒன்றில், காலரா, டைபாய்டு, சீதபேதிக் கிருமிகளையும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஈ.கோலை வகைகளையும் நிலத்தடி நீரில் கலந்து செம்புப் பானையில் வைத்தார்கள். ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 500 கிருமிகள். சாதாரண அறை வெப்பத்தில் 16 மணி நேரம் கழித்துச் சோதித்தபோது எதுவும் வளரவில்லை. தண்ணீரில் இறங்கியிருந்த செம்பு லிட்டருக்கு 0.18 மில்லிகிராம் அளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 2 மில்லிகிராம்.

அந்த 16 மணி நேரத்தைக் கவனியுங்கள். இரவு பத்து மணிக்கு ஊற்றிக் காலை ஆறு மணிக்குக் குடித்தால் எட்டு மணி நேரம்தான் ஆகியிருக்கும். கழிவு நீர் கலந்த தண்ணீரில் கிருமி இதைவிடப் பல மடங்கு இருக்கலாம். ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக், உப்பு இவற்றில் எதையும் செம்பு எடுக்காது. கொதிக்க வைத்த அல்லது வடிகட்டிய தண்ணீரைச் சேமித்து வைக்கச் செம்புப் பாத்திரம் நல்லது. சந்தேகமான தண்ணீருக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி: செம்பு எல்லா உயிருக்கும் தேவையான சத்து என்கிறார்கள். அது பாக்டீரியாவை மட்டும் ஏன் கொல்கிறது?

பதில்: பாக்டீரியாவுக்கும் அது தேவைதான். ஈ.கோலை மூச்சுவிடப் பயன்படுத்தும் ஆக்சிடேஸ் நொதியில் செம்பு இருக்கிறது. அந்த நொதி இருப்பது செல்லின் சவ்வில். சவ்வுக்கு உள்ளே, செல்லின் நடுப்பகுதியில், தனியாக அலையும் செம்பு அயனி (மின்னூட்டம் பெற்ற அணு) ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுபோலத்தான் அந்தச் செல் நடந்துகொள்கிறது.

காரணம் இது. பல நொதிகளின் மையத்தில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு சிறு கொத்து உண்டு. உள்ளே வரும் செம்பு அந்தக் கந்தகத்தைப் பற்றிக்கொண்டு இரும்பை வெளியே தள்ளிவிடும். நொதி செயலிழக்கும். லூசின் போன்ற அமினோ அமிலங்களைச் செய்யும் வழி முதலிலேயே அடைபடும். புரதம் செய்ய முடியாமல் செல் நின்றுபோகும்.

இதைத் தடுக்க ஈ.கோலையில் இரண்டு அடுக்குக் காவல் இருக்கிறது. கியூ-ஆர் என்ற புரதம் உள்ளே செம்பு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அதன் உணர்திறன் வியக்க வைப்பது: லிட்டருக்கு 10-இன் -21 அடுக்கு மோல் (மோல் என்பது அணுக்களை எண்ணும் அலகு). ஒரு செல்லுக்குள் ஒரே ஒரு அயனி இருந்தாலே செறிவு அதைப்போலக் கோடிக்கணக்கான மடங்கு ஆகிவிடும். அதாவது ஒற்றை அயனி தனியே நின்றாலும் இந்தப் புரதத்துக்குத் தெரிந்துவிடும். உடனே அது இரண்டு மரபணுக்களை முடுக்கும். ஒன்றிலிருந்து வருவது காப்-ஏ. இது ஈ.கோலையின் இரண்டு சவ்வுகளில் உள் சவ்வில் இருக்கும் பம்ப், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்துச் செம்பை வெளியே இறைக்கும். அது போய்ச் சேர்வது இரண்டு சவ்வுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில். அங்கே இருக்கும் கியூ-ஓ என்ற நொதி, எளிதில் உள்ளே நுழையக்கூடிய ஒற்றை மின்னூட்டச் செம்பை, அவ்வளவு எளிதில் நுழையாத இரட்டை மின்னூட்டச் செம்பாக மாற்றும். இதற்கு ஆக்சிஜன் வேண்டும். அதனால்தான் காற்றில்லாத சூழலில் இதே அளவு செம்பு ஈ.கோலையை இன்னும் கடுமையாகத் தாக்குகிறது.

இடைவெளியிலும் செம்பு மிஞ்சினால் இரண்டாவது அடுக்கு வேலைக்கு வரும். கஸ் என்ற அமைப்பு நான்கு புரதங்களால் ஆனது. அதில் ஒன்று இடைவெளியில் செம்பைப் பிடித்துத் தரும். மற்ற மூன்றும் சேர்ந்த குழாய் அதை வெளிச் சவ்வையும் தாண்டி வெளியே தள்ளும்.

இவ்வளவு இருந்தும் செம்புப் பாத்திரத்தில் கிருமி சாகிறது. குடிநீரில் உணவு இல்லாததால் புதிய பம்ப் செய்ய ஆற்றலும் மூலப்பொருளும் போதாது. பாத்திரச் சுவரோ விடாமல் அயனிகளை இறக்கிக்கொண்டே இருக்கிறது. வெளியேற்றும் வேகத்தை விட உள்ளே வரும் வேகம் கூடும்போதுதான் சாவு. வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும் பார்க்க வேண்டியதெல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்தே வருகிறது.

கேள்வி: பாட்டிலா, குடமா? எது நல்லது?

பதில்: தண்ணீரைத் தொடும் செம்பின் பரப்பைப் பாருங்கள். ஏழு செ.மீ. அகலமுள்ள ஒரு லிட்டர் பாட்டிலில் லிட்டருக்கு ஏறக்குறைய 600 சதுர செ.மீ. செம்பு தொடுகிறது. 20 லிட்டர் குடத்தில் லிட்டருக்கு 180 தான். குடத்துத் தண்ணீருக்குக் கூடுதல் நேரம் வேண்டும்.

ஆனாலும் எங்கள் பரிந்துரை கை நுழையும் வாயுள்ள இரண்டு மூன்று லிட்டர் பாத்திரம். குறுகிய கழுத்துப் பாட்டிலின் உள்பக்கத்தைத் தேய்க்க முடியாது. உப்புப் படிவும் வழவழப்பும் படிந்துவிட்டால் செம்பு தண்ணீரைத் தொடாது, வழவழப்புக்குள் கிருமி பத்திரமாக இருக்கும். மூடியின் ரப்பர் வளையத்தடியில் செம்பே இல்லை. பெரும்பாலும் அழுக்கு தொடங்குவது அங்கேதான். வளையத்தை வாரம் ஒருமுறை கழற்றித் தேயுங்கள்.

உள்பக்கம் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து நன்றாக அலசுங்கள். பச்சைக் களிம்பு துளியும் இருக்கக் கூடாது. தேய்த்த பிறகு முதலில் நிரப்பும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பாத்திரத்தின் உள்சுவரில் மங்கலான பழுப்பு நிறம் வந்தால் பயமில்லை.

கேள்வி: அசல் செம்புதானா, உள்ளே பூச்சு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை. அலுமினியமும் பலவகைத் துருப்பிடிக்காத எஃகும் ஒட்டாது. எடையைப் பாருங்கள்: 450 கிராம் செம்பு 50 மில்லிலிட்டர் தண்ணீரை வெளியேற்றும், அதே எடை அலுமினியம் 165-ஐத் தாண்டும். பித்தளை செம்புக்கு மிக அருகில் வருவதால் இந்தச் சோதனையில் அகப்படாது. அடிப்புறத்தை லேசாகச் சுரண்டி மஞ்சள் தெரிகிறதா என்று பாருங்கள்.

பளபளப்பு போகாமல் இருக்க வார்னிஷ் போன்ற தெளிவான பூச்சு அடிப்பதுண்டு. வெளியே இருந்தால் பரவாயில்லை, உள்ளே இருந்தால் செம்பு வாங்கியதன் பயனே போயிற்று. மல்டிமீட்டரைத் தொடர்ச்சி ஒலி நிலையில் வைத்து இரு முனைகளையும் உள்சுவரில் சுரண்டாமல் தொடுங்கள். ஒலித்தால் வெறும் உலோகம், ஒலிக்காவிட்டால் பூச்சு.

கேள்வி: ஆர்ஓ தண்ணீர், எலுமிச்சைச் சாறு, மோர், பால்: இவற்றைச் செம்பில் வைக்கலாமா?

பதில்: ஆர்ஓ தண்ணீரில் காரத்தன்மை குறைவு, பெரும்பாலும் லேசான அமிலத்தன்மையும் இருக்கும். செம்பு கூடுதலாகக் கரையும். ஒரே தண்ணீரை நாள்கணக்கில் வைத்திராமல் தினமும் மாற்றுங்கள். எலுமிச்சை, மோர், புளித் தண்ணீர் கூடவே கூடாது. குமட்டலும் வாந்தியும் வரும். ஈயம் பூசிய பாத்திரத்தில் சமைக்கலாம். ஆனால் பூசுவது வெள்ளீயமாக இருக்க வேண்டும், காரீயம் கலந்ததாக இருக்கக் கூடாது. பூசிய பாத்திரம் கிருமியைக் கொல்லாது, ஏனென்றால் தண்ணீர் செம்பைத் தொடுவதே இல்லை.

குழந்தைக்குக் கொடுக்கும் பாலைப் பூசாத செம்பிலோ பித்தளையிலோ காய்ச்சவும் வேண்டாம், வைக்கவும் வேண்டாம். இந்தியக் குழந்தைகளின் கல்லீரலைக் கெடுத்த ஒரு கொடிய நோய்க்கு அந்தப் பழக்கத்தோடு தொடர்பு இருப்பதை 1980-களில் புணேயில் நடந்த ஆய்வுகள் காட்டின. உடலில் செம்பு தேங்கும் பரம்பரை நோயான வில்சன் நோய் உள்ளவர்கள் செம்புத் தண்ணீரை அறவே தவிர்க்க வேண்டும்.

கேள்வி: கிருமிகள் செம்புக்குப் பழகிவிடுமா? வெள்ளி சேர்த்த ஃபில்டர் வாங்கினால் தப்பிக்கலாமா?

பதில்: சில இடங்களில் ஏற்கெனவே பழகியிருக்கின்றன. பன்றித் தீவனத்தில் செப்பு சல்பேட் சேர்த்த பண்ணைகளில் கூடுதல் செம்பு எதிர்ப்பு மரபணுக்கள் கொண்ட ஈ.கோலை கிடைத்தது. டென்மார்க்கில் பன்றிகளிடமிருந்து எடுத்த என்டரோகாக்கஸ் கிருமியில், செம்பை வெளியேற்றும் மரபணுவும் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுவும் ஒரே பிளாஸ்மிடில் (கிருமிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றக்கூடிய சிறு டிஎன்ஏ வளையம்) இருந்தன. செம்பு கொடுத்தாலே ஆன்டிபயாடிக் எதிர்ப்பும் சேர்ந்து வளரும் என்பது கவலைக்குரியது. வீட்டுப் பாத்திரத்தில் இது பெரிய ஆபத்தில்லை. வெள்ளியைப் பொறுத்தவரை, கஸ் குழாய் வெள்ளி அயனியையும் வெளியே தள்ளும். ஆகவே ‘செம்பு, வெள்ளி இரட்டைப் பாதுகாப்பு’ என்ற விளம்பரத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டுச் செம்புத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க முடியுமா?

பதில்: தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் தெரியாது, ஒரு மில்லிகிராம் செம்பு அதில் காணாமல் போய்விடும். நாக்கையும் நம்ப முடியாது, கசப்பும் நிறமும் தெளிவாகத் தெரிவது 5 மில்லிகிராமுக்கு மேல்தான். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் செம்பு அளவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். வழக்கமாக எவ்வளவு நேரம் வைப்பீர்களோ அவ்வளவு நேரம் வைத்த தண்ணீரைச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் கொடுக்க வேண்டும். இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 விரும்பத்தக்க அளவாக 0.05 மில்லிகிராமும், வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராமும் சொல்கிறது.

கிருமிச் சோதனைக்குத் தனிப் பாட்டிலை ஆய்வகமே தரும். தண்ணீர் செம்புப் பாத்திரத்திலிருந்து வருகிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அந்தப் பாட்டிலில் செம்பைக் கட்டிப்போடும் இடிடிஏ சேர்த்துத் தருவார்கள். அது இல்லாவிட்டால் ஆய்வகத்துக்குப் போகும் வழியிலும் செம்பு வேலை செய்துகொண்டே இருக்கும். நீங்கள் குடித்த தண்ணீரில் இருந்ததைவிடக் குறைவான எண்ணிக்கையே அறிக்கையில் வரும்.