பெயர்ப் பஞ்சம்

கேள்வி: லக்சம்பர்க் ஒரு நாடு. அதன் தலைநகரும் லக்சம்பர்க். பக்கத்து பெல்ஜியத்தில் ஒரு மாகாணமும் லக்சம்பர்க். ஐரோப்பாவில் பெயருக்கா பஞ்சம்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பஞ்சம் என்றால் ராய்ஸ் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் துரிங்கியாவில் குட்டி சமஸ்தானங்களை ஆண்டவர்கள். ஆறாம் ஹைன்ரிஷ் என்ற பேரரசர் மேல் இருந்த மரியாதையில், பிறக்கிற ஆண்பிள்ளை அத்தனைக்கும் ஹைன்ரிஷ் என்றே பெயர் வைத்தார்கள். பட்டத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும் ஆளுக்கொரு எண், ரேஷன் கடை டோக்கன் மாதிரி. மூத்த கிளையில் நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்று. இளைய கிளையில் நூற்றாண்டு மாறினால் புதுக்கணக்கு. 1848 புரட்சியில் முடி துறந்தவர் 72-ஆம் ஹைன்ரிஷ். அவருக்கு முன் 71 பேர் ஆண்டதாக நினைத்துவிடாதீர்கள். பாதிப்பேர் வெறும் சித்தப்பாக்கள்! "ஹைன்ரிஷ், சாப்பிட வா" என்று கூப்பிட்டால் பந்தியே நிறைந்திருக்கும். 1918-இல் முடியாட்சி போயிற்று, வழக்கம் போகவில்லை. 2022 டிசம்பரில், அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாக ஜெர்மன் போலீஸ் கைது செய்தவர்களில் ஒருவர் 13-ஆம் ஹைன்ரிஷ்.

சரி, உங்கள் லக்சம்பர்க். 1839-இல் லண்டனில் ஒப்பந்தம் போட்டு மேற்குப் பகுதியை பெல்ஜியத்துக்குக் கொடுத்தார்கள். மாகாணம் சுமார் 4,440 சதுர கிலோமீட்டர்; நாடோ 2,586தான். பெயரை இருவருமே வைத்துக்கொண்டார்கள், சச்சரவில்லை.

சச்சரவு வேண்டுமென்றால் மாசிடோனியா. 1991-இல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த நாடு அந்தப் பெயரை வைத்துக்கொண்டதும், தன் வடபகுதிக்கும் அதே பெயர் உள்ள கிரீஸ் குதித்தது. 2018-இல் பிரெஸ்பா ஒப்பந்தம் போட்டு, மறு ஆண்டு 'வட மாசிடோனியா' ஆகும்வரை இழுபறிதான். நடுவில், 2011-இல், தலைநகர் ஸ்கோப்யேயில் குதிரைமேல் ஒருவருக்குப் பிரம்மாண்டமான சிலை வைத்தார்கள். பழைய மாசிடோனியாவின் மன்னர், கிரீஸ் தன்னுடையவர் என்று சொல்லும் மாவீரன் அலெக்சாண்டர் என்று ஊருக்கே தெரியும். ஆனால் அப்படிச் சொன்னால் கிரீஸ் கோபித்துக்கொள்ளுமே! அதனால் அரசாங்கம் வைத்த பெயர் 'குதிரை வீரன்'.

சிலை வைப்பவர்களை இந்தப் பக்கத்தில் நான் திட்டாத மாதம் குறைவு. இந்த ஒரு சிலைக்கு மட்டும் விலக்கு தருகிறேன். யாரென்று அரசே சொல்லாதபோது பிறந்தநாளுக்கு மாலை போட யார் வரப்போகிறார்கள்?