டியூட்டி முடிந்தும் வீடு திரும்பாத டாக்டர்கள்: கேள்வி - பதில்

முதலாமாண்டு பிஜி, மெடிசின். அட்மிஷன் டே (எங்கள் யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் நாள்) வந்தால் 30 மணி நேரம் வார்டிலேயே கிடக்கிறேன். நோயாளி கூப்பிட்டாலே எரிச்சல் வருகிறது. இது சோர்வா, பர்ன்அவுட்டா?
- பிஜி மாணவி, மதுரை

இரண்டு நாள் நன்றாகத் தூங்கித் தெளிந்தால் சோர்வு. தூங்கி எழுந்தும் வார்டு வாசலில் வயிறு பிசைகிறது, நோயாளி வெறும் 'லிவர் கேஸ்' ஆகிவிட்டார், என்ன செய்தும் பிரயோஜனமில்லை என்று தோன்றுகிறது என்றால் பர்ன்அவுட். உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-ல் வெளியிட்ட அளவுகோல் அளப்பது இந்த மூன்றையும்தான். ('ஏழாம் பெட்' என்று எல்லோரும்தான் சொல்கிறோம். பெயரைத் தெரிந்துகொள்ளவே தோன்றாதபோதுதான் கவலைப்பட வேண்டும்.)

உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-ல் இதை நோயாகச் சேர்க்கவில்லை. வேலையால் வரும் நிலை என்றே வைத்திருக்கிறது. ஆகவே வைத்தியம் முதலில் டியூட்டி பட்டியலுக்கு. பயிற்சியில் இருக்கும் டாக்டர்களுக்கான மத்திய அரசின் 1992 ரெசிடென்சி உத்தரவு தொடர்ச்சியாக 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 2023-ன் பிஜி விதிமுறைகள் 'நியாயமான வேலை நேரம்' என்று நழுவிவிட்டாலும், வார விடுமுறையும் ஆண்டுக்கு 20 நாள் கேஷுவல் லீவும் அதில் உண்டு. எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வாய்வார்த்தை ரவுண்ட்ஸிலேயே காணாமல் போகும்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, சாவைப் பற்றிய நினைப்பு வருகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். சொந்தக் கல்லூரியில் கூச்சமாக இருந்தால் வெளியே போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவிலும் எடுப்பார்கள்.

யூனிட் சீஃப் ஆகி நான்கு மாதம். கூடுதல் ஆள் தர மாட்டார்கள். ஜூனியர்களின் சோர்வு குறையட்டும் என்று யோகா வகுப்பு வைத்தேன், யாரும் வரவில்லை.
- மருத்துவர், திருநெல்வேலி

வர மாட்டார்கள். தூங்க வேண்டிய நேரத்தில் வைத்த வகுப்பு அது.

நான்கு வாரத்துக்கு, யார் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள் என்று குறித்து வையுங்கள். பட்டியலில் போட்ட நேரம் வேண்டாம், நிஜ நேரம். அதோடு டாக்டர் செய்யத் தேவையில்லாத வேலைகளையும் எழுதுங்கள்: லேபில் ரிப்போர்ட் வாங்குவது, ஸ்கேன் தேதிக்கு அலைவது, காப்பீட்டுப் படிவம் நிரப்புவது. புது ஆள் இல்லாமல் நேரம் மிச்சமாவது இங்கேதான். ஒவ்வொன்றையும் யாரிடம் மாற்றலாம் என்று கண்காணிப்பாளரிடம் அந்தத் தாளோடு பேசுங்கள்.

அடுத்தது, நைட் பார்த்தவர் காலை 9 மணிக்கு வெளியேறுவது. பெரும்பாலான யூனிட்டுகளில் இது கெடுவதற்குக் காரணம், ரவுண்ட்ஸில் 'நேற்று யார் பார்த்தது?' என்று சீஃப் கேட்பதுதான். ஹேண்ட்ஓவர், அதாவது அடுத்து வருபவரிடம் நோயாளிகளை ஒப்படைப்பது, சரியாக இருந்தால் அந்தக் கேள்வியே வராது. ஐ-பாஸ் முறையில் ஐந்து படி: நோயின் தீவிரம், சுருக்கம், செய்ய வேண்டியவை, நிலைமை மோசமானால் என்ன செய்வது, கடைசியாக வாங்குபவர் அதைத் திருப்பிச் சொல்வது. 2014-ல் வெளியான ஒன்பது மருத்துவமனை ஆய்வில் இதைப் பழக்கியபின் மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. நம் ஊரில் அவசரத்தில் விட்டுவிடுவது அந்த ஐந்தாவது படியைத்தான். தவறாகக் கேட்ட பொட்டாசியம் அளவு பிடிபடுவதும் அங்கேதான்.

இரவு 2 மணிக்கு மேல் ஒவ்வொருவருக்கும் 20 முதல் 30 நிமிடத் தூக்கம் கொடுங்கள், போனை இன்னொருவர் வாங்கிக்கொள்ளட்டும். எழுந்ததும் மந்தம் தெளியக் கொஞ்ச நேரம் ஆகும். சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் செருகும் குழாய்) போட உடனே அனுப்பாதீர்கள்.

வார்டில் எல்லோர் முன்னும் திட்டுவதை நிறுத்துங்கள். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

நைட் முடித்து 25 கிலோமீட்டர் பைக்கில் போகிறேன். ஒரு டீ குடித்தால் போதாதா?
- ஹவுஸ் சர்ஜன், தஞ்சாவூர்

போதாது. 17 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருக்குச் சமமாக இருக்கும். நம் சட்டம் ஓட்ட அனுமதிப்பது 0.03 வரைதான். காலை டீ பகல் தூக்கத்தையும் கெடுக்கும். கடைசி டீயை இரவு 3 மணிக்குள் முடித்துவிடுங்கள். பைக்கை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். இறங்கும் ஸ்டாப்பைக் கண்டக்டரிடம் சொல்லிவிட்டுத் தூங்குங்கள்.