ஹெச்.பி.வி: மாதிரியை நானே எடுக்கலாமா டாக்டர்?

கேள்வி: எனக்கு 41 வயது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை எதுவும் இதுவரை செய்துகொண்டதில்லை. காலை அகட்டிப் படுக்க வைத்து அந்தக் கருவியை உள்ளே விடுவார்கள் என்பதை நினைத்தாலே உடம்பு கூசுகிறது. இப்போது மாதிரியை நாமே எடுத்துக் கொடுக்கலாமாமே, நான் எடுத்தால் முடிவு சரியாக வருமா? குச்சி எக்குத்தப்பாக உள்ளே போய்விடாதா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: சரியாகவே வரும். இந்தச் சோதனை தேடுவது புற்றுநோயை அல்ல, அதற்குக் காரணமான ஹெச்.பி.வி வைரஸை. வைரஸ் இருந்தால் பிறப்புறுப்புப் பாதையில் உதிரும் செல்களிலேயே அகப்பட்டுவிடும், கருப்பை வாயைத் தொட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் முறையில் பரிசோதித்தால் நீங்கள் எடுத்ததற்கும் டாக்டர் எடுத்ததற்கும் துல்லியத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. உலக சுகாதார நிறுவனமே 2021 வழிகாட்டுதலில் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தால் போதும் என்கிறது. ஹெச்.ஐ.வி உள்ளவர்கள் மட்டும் 25 வயதிலேயே தொடங்கி, 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும்.

எடுப்பதும் சுலபம்தான். கையைக் கழுவிவிட்டு, குந்தியோ படுத்தோ ஒரு காலை ஸ்டூல் மேல் வைத்தோ, உங்களுக்கு எது வசதியோ அப்படி இருந்துகொண்டு, பஞ்சு முனையில் கை படாமல் குச்சியை சுமார் 5 செ.மீ. உள்ளே விட்டு, கிட்டில் சொல்லியிருக்கிற நேரம் வரை உட்சுவரில் படும்படி சுற்றி எடுத்துக் குழாயில் போட்டு மூடிவிடுங்கள். அந்தப் பாதை கருப்பை வாயோடு முடிந்துவிடுவதால் குச்சி அதைத் தாண்டி எங்கும் போய்விடாது, பயம் வேண்டாம். உடம்பை இறுக்கிக்கொண்டால்தான் வலிக்கும். மாதவிடாய் நாள்களில் எடுக்காதீர்கள், கர்ப்பமாக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

ஆனால் உறவுக்குப் பிறகு ரத்தம் படுகிறது, மாதவிடாய் நின்ற பிறகும் கசிகிறது, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுகிறது என்றால் இந்தக் குச்சியை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. நெகட்டிவ் என்று வந்திருந்தாலும் நேரில் காட்டியே ஆக வேண்டும், அங்கே கூச்சம் பார்க்க முடியாது.

கேள்வி: சுயமாக எடுத்துக் கொடுத்ததில் பாசிட்டிவ் வந்துவிட்டது. புற்றுநோய்தானா? கணவரிடம் கேட்கலாமா என்று மனம் குடைகிறது.

பதில்: புற்றுநோய் என்று அர்த்தமில்லை. இந்தத் தொற்று பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே போய்விடும். போகாமல் தங்கிவிடுவதுதான் சிக்கல், அதுவும் புற்றுநோயாக மாற வழக்கமாக 15, 20 ஆண்டுகள் ஆகும், அதற்குள் மாறத் தொடங்கிய செல்களைக் கண்டுபிடித்து எடுத்துவிடத்தான் இவ்வளவு பாடும். ரிப்போர்ட்டில் எந்த வகை ஹெச்.பி.வி என்று போட்டிருக்கிறதா, பாருங்கள். உலகில் வரும் கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 ஆகிய இரண்டு வகைகளே காரணம் என்பதால், அவை என்றால் பெரும்பாலும் நேராக கால்போஸ்கோபிக்கு (கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது) அனுப்புவார்கள். மற்ற வகை என்றால் முதலில் பாப் ஸ்மியர், அதாவது கருப்பை வாய் செல்களில் மாற்றம் இருக்கிறதா என்ற சோதனை, பார்ப்பது உண்டு. அதற்கான செல்களை டாக்டர்தான் கருப்பை வாயிலிருந்து எடுக்க வேண்டும், நீங்கள் எடுத்துக் கொடுத்தது அதற்கு உதவாது. ஆக, ஒருமுறையாவது நேரில் போகத்தான் வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

கணவர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வைரஸ் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் உடம்பில் கிடக்கக்கூடியது. யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது, திருமணத்துக்கு முன்பே அவருக்கோ உங்களுக்கோ இருந்திருக்கலாம். இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு வீட்டில் பஞ்சாயத்து வைக்காதீர்கள்.

கேள்வி: கட்டிக்காக கர்ப்பப்பையை எடுத்துவிட்டேன். எனக்கும் வேண்டுமா?

பதில்: கருப்பை வாயையும் சேர்த்து எடுத்தார்களா, விட்டுவைத்தார்களா என்பதைப் பொறுத்தது. டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடிப் பாருங்கள். விட்டுவைத்திருந்தால் வேண்டும். எடுத்தாயிற்று, கட்டியும் சாதாரணக் கட்டிதான், அதற்கு முன் கருப்பை வாயில் கோளாறு எதுவும் இருந்ததில்லை என்றால் தேவையில்லை.